ப்ளெயின்ஸ், ஜார்ஜியா: அதிபரை விடுங்கள், கவர்னரைப் பார்க்கப் போங்கள்

அட்லாண்டாவுக்கு வருகிற நம்மவர்கள் மீன் காட்சியகம், கோகோ கோலா கண்காட்சி, அப்புறம் ஒரு நாள் ஸ்டோன் மவுண்டன் என்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கையில் ஒரு நாள் கூடுதலாக இருந்து, காரும் இருந்தால், தெற்கே இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு ப்ளெயின்ஸ் போய்வாருங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது எழுதியும் வைக்கிறேன். ஜிம்மி கார்ட்டர் தேசிய வரலாற்றுப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. பூங்கா என்றதும் புல்வெளி, ஊஞ்சல் என்று நினைத்துவிட வேண்டாம். 600 பேர்கூட இல்லாத ஒரு ஊரில் அவர் படித்த பள்ளிக்கூடம், வளர்ந்த பண்ணை வீடு, தேர்தல் அலுவலகமாக இருந்த ரயில் நிலையம், கடைசிவரை வாழ்ந்த வீடு எல்லாவற்றையும் சேர்த்துத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. 1987-ல் இதை வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள், 2021-ல் இப்போதுள்ள பெயர் வந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்க அதிபராக இருந்தவரைப் பார்க்க வருகிறார்கள். 1977-லிருந்து 1981 வரை வெள்ளை மாளிகை, கேம்ப் டேவிட் ஒப்பந்தம், ஈரான் பணயக் கைதிகள், 2002-ல் நோபல் பரிசு என்று அந்தக் கதை எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரியும். ஆனால் அந்த ஊரில் நின்று பார்க்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தவர் வேறு ஆள். 1963 முதல் 1967 வரை ஜார்ஜியா மாநில செனட்டராகவும் 1971 முதல் 1975 வரை அதன் கவர்னராகவும் இருந்த பாப்டிஸ்ட் (கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்று) சபை டீக்கன், அதாவது சபைப் பொறுப்பாளர் ஒருவர். அங்கே கவர்னர் என்பவர் நம்ம ஊர் ராஜ்பவன் கவர்னர் மாதிரி இல்லை, மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், கிட்டத்தட்ட நம் முதலமைச்சரின் அதிகாரம் அவரிடம் இருக்கும். அந்த மாநில அரசியல்வாதியைத் தேடிக்கொண்டு போனால் ப்ளெயின்ஸ் கொடுக்கிற அனுபவமே வேறு.

முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். 1921-ல் கட்டிய செங்கல் கட்டடம், 1979-ல் பள்ளியை மூடிவிட்டார்கள், இப்போது அதுதான் வரவேற்பு மையமும் அருங்காட்சியகமும். ஜிம்மி, அவர் மனைவி ரோசலின் இரண்டு பேரும் இங்கே படித்தவர்கள். ஜூலியா கோல்மன் என்ற ஆசிரியையின் பெயரை அங்கே அடிக்கடி பார்ப்பீர்கள். காலம் மாறும்போது நாமும் மாறிக்கொள்ள வேண்டும், ஆனால் மாறாத கொள்கைகளைக் கைவிடக் கூடாது என்று அவர் வகுப்பில் சொன்னதைத்தான் கார்ட்டர் அதிபராகப் பதவியேற்ற அன்று எடுத்துச் சொன்னார். இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தில் நடங்கள். அவர் படித்த காலத்தில் அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி. அவர் சேர்ந்து விளையாடிய கறுப்பினப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போனார்கள்.

அங்கிருந்து மேற்கே சில நிமிடம் ஓட்டினால் ஆர்ச்சரி. கார்ட்டர் குடும்பத்தின் பண்ணை அங்கே இருக்கிறது. என்னைக் கேட்டால் முழுப் பூங்காவிலும் இதுதான் முக்கியமான இடம், பாதி நாளை இதற்கே ஒதுக்குங்கள். 1928-ல், ஜிம்மிக்கு நான்கு வயது இருக்கும்போது குடும்பம் இங்கே குடிவந்தது. மரவீடு, சமையலறையில் விறகு அடுப்பு, வெளியே கழிப்பறை, பக்கத்திலேயே அப்பா நடத்திய கடை, கொல்லுப்பட்டறை, களஞ்சியம். 1935-ல் காற்றாலை வைத்துத் தண்ணீர் இறைத்த பிறகுதான் வீட்டுக்குள் குழாய் வந்தது. குளிப்பதற்கு ஷவர் எப்படி என்றால், ஒரு தகர வாளியின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டு மேலே மாட்டியிருந்தார்கள். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கும்போதே உடம்பு சிலிர்க்கும். மின்சாரம் 1938-ல் வந்தது, ரூஸ்வெல்ட்டின் கிராம மின்மயத் திட்டத்தில். அரசாங்கம் நினைத்தால் ஒரு வீட்டுக்குள் வெளிச்சம் கொண்டுவர முடியும் என்பதை 14 வயதுப் பையன் கண்ணெதிரே பார்த்திருக்கிறான்.

அந்தச் சின்ன வயதில் அவர் செய்த வியாபாரம் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவின் வயலில் கடலைச் செடியைப் பிடுங்கி, மண் போகக் கழுவி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அதிகாலையில் அவித்து, பொட்டலம் கட்டிக்கொண்டு ரயில் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து ப்ளெயின்ஸ் போய் விற்பார். ஐந்து, ஆறு வயதில். தென் ஜார்ஜியாவில் இன்றைக்கும் சாலையோரத்தில் அவித்த கடலை விற்கிறார்கள். வாங்கிச் சாப்பிட்டால் திண்டிவனம் பக்கம் பஸ் ஜன்னலில் நீட்டுகிற அதே ருசி, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

பண்ணை வீட்டைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன வீடு இருக்கிறது, ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் தம்பதியின் வீடு. பண்ணையில் வேலை செய்த கறுப்பினக் குடும்பம். அம்மா லில்லியன் நர்ஸ், பெரும்பாலான நேரம் வேலையில் இருப்பார், பையன் ரேச்சலிடம்தான் வளர்ந்தான் என்று சொல்லலாம், மீன் பிடிக்கவும் பருத்தி எடுக்கவும் கற்றுக்கொடுத்தது அந்த அம்மாதான். கார்ட்டரின் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்து போகிற தூரம் மிகக் குறைவு, ஆனால் இரண்டு வீட்டுக்குள்ளும் நின்று பார்த்தால் அந்தக் காலத்து ஜார்ஜியா முழுவதும் புரிந்துவிடும்.

1938 ஜூன் மாதம், கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸும் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கும் மோதுகிறார்கள். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வந்து, ரேடியோவில் கேட்கலாமா என்று அப்பா ஏர்ல் கார்ட்டரிடம் கேட்கிறார்கள். அவர்களை வீட்டுக்குள் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. ரேடியோவை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைக்கிறார், எல்லோரும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து கேட்கிறார்கள். முதல் சுற்றிலேயே லூயிஸ் ஷ்மெலிங்கை வீழ்த்திவிட்டார். வெள்ளைக்காரன் தோற்றதில் அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. வெளியே இருந்தவர்கள் சத்தமே போடவில்லை, "நன்றிங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ரயில் பாதையைத் தாண்டி, தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் ஆரவாரம் வெடித்ததாம், இரவெல்லாம் ஓயவில்லையாம். இதைக் கார்ட்டரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வீட்டு ஜன்னலும் எதிரே உள்ள பாதையும் அப்படியே இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு அந்த முற்றத்தில் நிற்பதும் தெரியாமல் நிற்பதும் ஒன்றல்ல.

அப்பா ஏர்லும் மாநில அரசியல்வாதிதான் என்பது பலருக்குத் தெரியாது. 1952-ல் ஜார்ஜியா சட்டமன்றத்துக்குத் தேர்வானார், 1953 ஜூலையில் புற்றுநோயில் இறந்துபோனார். நிறப் பிரிவினையை முழுசாக ஏற்றுக்கொண்ட மனிதர், அதே நேரத்தில் ஊரில் கஷ்டப்பட்டவர்களுக்கு யாருக்கும் சொல்லாமல் உதவியவர். சாகக் கிடந்தபோது கறுப்பர், வெள்ளையர் என்று வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனதைக் கண்டுதான் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரியாக இருந்த மகன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். ரோசலினுக்குத் துளியும் இஷ்டமில்லை. வந்த புதிதில் அரசாங்கக் குடியிருப்பில்தான் குடித்தனம், வறட்சி வேறு, 1954-ல் வந்த லாபம் 200 டாலருக்கும் குறைவு.

அந்தச் சமயத்தில் தெற்கு முழுக்க வெள்ளையர் கவுன்சில்கள் முளைத்தன, பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்பதற்காக. ஊரில் உள்ள வெள்ளைக்கார ஆண்கள் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள், நீ மட்டும்தான் பாக்கி என்று கார்ட்டரிடம் வந்து நின்றார்கள், சந்தா 5 டாலரை நாங்களே கட்டுகிறோம் என்றும் சொன்னார்கள். அவர் சேரவில்லை. அவருடைய விதைக் கடையைக் கொஞ்ச காலம் புறக்கணித்தார்கள். இதை வைத்து அவரைப் போராளியாக்கிவிட முடியாது, அந்த வருடங்களில் அவர் மேடை ஏறிப் பேசவும் இல்லை, மாவட்டப் பள்ளிக் குழுவில் உட்கார்ந்துகொண்டு பிரிவினைக்கு எதிராகப் பெரிதாக எதையும் செய்யவும் இல்லை. பக்கத்தில் அமெரிக்கஸ் ஊருக்கு வெளியே கொய்னோனியா என்ற பண்ணையில் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற இன்னொரு பாப்டிஸ்ட் 1942-லிருந்தே கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார், அதற்காகத் துப்பாக்கிச் சூடும் குண்டு வெடிப்பும் பார்த்தார். ஒரே வேதப் புத்தகம், ஒரே மாவட்டம். கார்ட்டரைப் புரிந்துகொள்ள அந்தப் பண்ணையையும் பார்க்க வேண்டும், அது இன்றும் இயங்குகிறது, பீக்கான் கொட்டையும் சாக்லேட்டும் விற்கிறார்கள்.

சரி, தேர்தலுக்கு வருகிறேன். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1962 வரை ஜார்ஜியாவில் கவுன்ட்டி யூனிட் என்று ஒரு முறை இருந்தது, கவுன்ட்டி என்றால் மாவட்டம். ஆளே இல்லாத கிராமப்புற மாவட்டத்தில் போடுகிற ஓட்டுக்கு அட்லாண்டா இருக்கிற பெரிய மாவட்டத்தின் ஓட்டைவிடப் பல மடங்கு மதிப்பு, அவ்வளவு அநியாயமான கணக்கு. நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்ததும் செனட் தொகுதிகளை அவசரமாக மாற்றி அமைத்தார்கள். கார்ட்டர் தன் 38-வது பிறந்தநாளான அக்டோபர் 1 அன்று காலையில் வேலைக்குப் போகிற பேன்ட்டைப் போடாமல் நல்ல பேன்ட்டைப் போடுகிறார், எங்கே கிளம்புகிறீர்கள் என்று ரோசலின் கேட்கிறார், செனட்டுக்கு நிற்கப் போகிறேன் என்று அப்போதுதான் சொல்கிறார். கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு இருந்தது இரண்டே வாரம். அங்கே அன்றைக்கு டெமாக்ரடிக் கட்சியின் முதற்கட்டத்தில் ஜெயித்தால் பதவியே கிடைத்த மாதிரி.

ப்ளெயின்ஸிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத் தூரத்தில், அலபாமா எல்லையில், க்விட்மன் கவுன்ட்டியின் ஜார்ஜ்டவுன். அங்கே ஜோ ஹர்ஸ்ட் என்பவர்தான் எல்லாமே. ஓட்டுப் போடும் இடத்தில் மறைப்பு கிடையாது, மேசைமேல் வைத்து எல்லோர் முன்னாலும் எழுத வேண்டும், ஹர்ஸ்ட் பக்கத்திலேயே நின்றுகொண்டு எதிர் வேட்பாளர் ஹோமர் மூருக்குப் போடச் சொல்கிறார். பெட்டி என்பது துளை போட்ட ஒரு அட்டைப் பெட்டி. ஓட்டுப் போட்டவர்கள் 333 பேர், பெட்டியில் இருந்த ஓட்டுகள் 420. பட்டியலைப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அகர வரிசை மாறாமல் வரிசையில் வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். செத்துப்போனவர்களும் சிறையில் இருந்தவர்களும் வந்து போட்டிருக்கிறார்கள். கள்ள ஓட்டுக் கதைகள் நமக்குப் புதிதில்லை, ஆனால் இவ்வளவு சோம்பேறித்தனமான கள்ள ஓட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

மற்ற இடங்களில் முன்னிலையில் இருந்த கார்ட்டர் இந்த ஒரு பெட்டியால் தோற்றார். தோற்றவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருந்தால் அதிபர் கார்ட்டர் என்று ஒருவர் இருந்திருக்கவே மாட்டார். கட்சியிடம் முறையிட்டார், கேட்பாரில்லை. அட்லாண்டா ஜர்னல் பத்திரிகையின் ஜான் பென்னிங்டன் நேரில் வந்து விசாரித்து எழுதினார், அட்லாண்டா வழக்கறிஞர் சார்ல்ஸ் கிர்போ வழக்கை எடுத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் பெட்டியைத் திறந்தபோது ஒரு கட்டு ஓட்டுச் சீட்டுகள் ரப்பர் பேண்டு போட்டபடியே கிடந்தன. நீதிபதி அந்தப் பெட்டியையே தள்ளுபடி செய்தார், கார்ட்டர் 65 ஓட்டில் முன்னால் வந்தார். அதோடு முடியவில்லை, பொதுத் தேர்தலுக்கு முந்தைய இரவு இன்னொரு உத்தரவு வந்து, ஓட்டுச் சீட்டில் பெயரே இல்லாமல் போக, வாக்காளர்களே பெயரை எழுதிப் போட வேண்டிய நிலை, அதிலும் ஜெயித்தார். 1963 ஜனவரியில் செனட்டில் பதவியேற்கிற நிமிடம்வரை உள்ளே விடுவார்களா என்று அவருக்கு நிச்சயமில்லை. ஹர்ஸ்ட் பின்னாளில் ஓட்டு மோசடிக்காகத் தண்டனை பெற்றார். முப்பது வருடம் கழித்து இந்த ஒரு தேர்தலைப் பற்றி மட்டுமே கார்ட்டர் ஒரு முழுப் புத்தகம் எழுதினார் என்றால் அது அவரை எவ்வளவு உலுக்கியிருக்கும் என்று பாருங்கள். பிறகு உலகம் முழுவதும் நாடு நாடாகப் போய்த் தேர்தல் கண்காணித்தாரே, அதன் வேர் வாஷிங்டனில் இல்லை, ஜார்ஜ்டவுனில் துளை போட்ட அந்த அட்டைப் பெட்டியில் இருக்கிறது. பள்ளி அருங்காட்சியகத்தில் பணியில் இருந்த ரேஞ்சரிடம் இதைப் பற்றிக் கேட்டேன், அவர் முகம் மலர்ந்துவிட்டது, அரை மணி நேரம் நின்று பேசினார். இந்த ஊரில் ரேஞ்சர்களிடம் கேட்டால்தான் கதை கிடைக்கும், வாயைத் திறந்து கேளுங்கள்.

செனட்டில் எல்லா மசோதாவையும் படித்துவிட்டுத்தான் ஓட்டுப் போடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார், வருடத்துக்கு எண்ணூறு, ஆயிரம் மசோதா, அதற்காக வேகமாகப் படிக்கும் பயிற்சி எடுத்தார். கறுப்பினத்தவர் ஓட்டுரிமை கேட்டு வந்தால் பதிலே சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு எதிராகத்தான் அங்கே தன் முதல் உரையைப் பேசினார். 1966-ல் கவர்னர் தேர்தலில் நின்று தோற்றார், பதவி பிரிவினைவாதி லெஸ்டர் மேடக்ஸிடம் போனது. மேடக்ஸ் யாரென்றால், தன் உணவகத்துக்குச் சாப்பிட வந்த கறுப்பினத்தவரைக் கோடரிக் கைப்பிடியைக் காட்டி விரட்டியவர். அப்படிப்பட்டவரிடம் தோற்றதில் கார்ட்டர் உடைந்துபோனார், கடவுளிடமே கோபம். தங்கை ரூத்தோடு நடந்துகொண்டே பேசிய ஒரு பேச்சு, பிறகு பென்சில்வேனியாவிலும் மாசசூசெட்ஸிலும் வீடு வீடாகப் போய்ச் செய்த ஊழியம், இவற்றில்தான் அவர் விசுவாசம் புதிதாகப் பிறந்தது. மறுபடி பிறந்தவன் என்று அவர் பின்னால் சொன்னதன் பின்னணி இந்தத் தோல்விதான்.

அப்புறம் 1970. கார்ட்டரை நேசிக்கிறவர்கள் பேசத் தயங்குகிற வருடம், நானும் அவரை நேசிக்கிறவன்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். எதிர்த்து நின்றவர் முன்னாள் கவர்னர் கார்ல் சாண்டர்ஸ், நிற விஷயத்தில் நிதானமானவர். கார்ட்டர் தரப்பு அவரைப் பணக்காரத் திமிர் பிடித்தவராகக் காட்டியது, பணக்காரர்கள் சட்டைக் கையில் மாட்டும் அலங்காரப் பொத்தானை வைத்து 'கஃப்லிங்க்ஸ் கார்ல்' என்று பட்டப்பெயர் வைத்தது. கறுப்பினக் கூடைப்பந்து வீரர் ஒருவர் வெற்றிக் கொண்டாட்டத்தில் சாண்டர்ஸ் மேல் ஷாம்பெயின் ஊற்றும் படம் துண்டுப் பிரசுரமாக வெள்ளைக்கார வாக்காளர்கள் மத்தியில் உலவியது. அலபாமாவின் பிரிவினைவாதத் தலைவர் ஜார்ஜ் வாலஸைப் பிடித்தவர்களின் ஓட்டு வேண்டும் என்று அவர்கள் காதுக்கு இதமாகவே கார்ட்டர் பேசினார். ஜெயித்தார். ஞாயிறுதோறும் வேதம் கற்றுக்கொடுக்கிறவர் செய்யக்கூடிய வேலையா இது என்று கேட்டால் இல்லை என்றுதான் என் பதில். அன்றைக்கு வேறு எப்படியும் ஜெயித்திருக்க முடியாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், சரியாகக்கூட இருக்கலாம், ஆனால் அந்தப் பிரசுரத்தைக் கையில் வாங்கிப் பார்த்த கறுப்பினக் குடும்பத்துக்கு அந்த நியாயத்தைச் சொல்ல முடியுமா? பூங்கா நிர்வாகத்திடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: 1970 தேர்தலுக்கு என்று தனியாக ஒரு அறை வையுங்கள். அவரைச் சிறுமைப்படுத்த இல்லை, அடுத்த ஜனவரியில் நடந்தது எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரியும்.

1971 ஜனவரி 12, பதவியேற்பு. இனப் பாகுபாட்டுக்கான காலம் முடிந்துவிட்டது என்று உங்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறேன், என்றார். ஓட்டுப் போட்டவர்களில் சிலர் எழுந்து போய்விட்டார்கள். மாநிலப் பணிகளிலும் குழுக்களிலும் கறுப்பினத்தவரின் எண்ணிக்கையை உயர்த்தினார், 1974 பிப்ரவரியில் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் படத்தைத் திறந்துவைத்தார், வெளியே கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் நின்று எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். அதோடு கல்வியாளர் லூசி லேனியின் படமும் பேராயர் ஹென்றி டர்னரின் படமும் வைத்தார்கள். ஆர்ச்சரி முற்றத்தில் ரேடியோ கேட்டவர்களைப் பார்த்த பையன் செய்த காரியம் இது என்று நான் அதைப் பார்க்கிறேன்.

நிர்வாகத்தில் சுமார் 300 துறைகளையும் அமைப்புகளையும் 22 ஆகச் சுருக்கினார், சட்டமன்றத்தோடு முட்டி மோதித்தான், விட்டுக்கொடுக்கும் சுபாவமே கிடையாது. மனநல மருத்துவத்தை ரோசலின் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஃபிளின்ட் ஆற்றில் ஸ்ப்ரூவெல் பிளஃப் அணை கட்ட ராணுவப் பொறியாளர்கள் போட்ட திட்டத்தைத் தானே ஆற்றில் படகில் போய்ப் பார்த்து, கணக்குகளைத் தானே சரிபார்த்து, 1973-ல் நிறுத்தினார். ப்ளெயின்ஸிலிருந்து திரும்பும் வழியில் தாமஸ்டன் பக்கம் அந்த ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள், பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட அருமையான இடம். மாநிலத்தில் சினிமாப் படப்பிடிப்பை வளர்க்கத் தனி அலுவலகம் தொடங்கியதும் 1973-ல் அவர்தான், இன்றைக்கு ஹாலிவுட் படங்களின் முடிவில் வருகிற அந்தப் பீச் பழச் சின்னத்துக்குப் பின்னால் இவ்வளவு பழைய கதை இருக்கிறது. அதே 1973-ல் மரண தண்டனையை மீண்டும் கொண்டுவரும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். 1976-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதுதான் நாடு முழுவதும் மரண தண்டனை திரும்பி வர வழி திறந்தது. பின்னாளில் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார், வருந்தினார். கையெழுத்து கையெழுத்துதான்.

பாப்டிஸ்ட் என்ற விஷயத்துக்கு ஊருக்குள் இரண்டு தேவாலயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று ப்ளெயின்ஸ் பாப்டிஸ்ட், 11 வயதில் ஞானஸ்நானம் எடுத்த சபை. 1965-ல் கறுப்பினத்தவரை ஆராதனைக்கு உள்ளே விடுவதா என்று அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. விடக் கூடாது என்பதை எதிர்த்தது கார்ட்டர் குடும்பமும் இன்னொருவரும்தான். ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நிறையப் பேர், அவர்களில் சிலர் பிறகு தனியாக வந்து, நீ சொன்னதுதான் சரி என்று சொன்னதாகக் கார்ட்டர் சொல்லியிருக்கிறார். இதே பிரச்சினையில் 1977-ல் சபை உடைந்து மாரனாதா பாப்டிஸ்ட் சபை பிறந்தது. அதிபர் பதவி முடிந்து வந்த கார்ட்டர் அங்கே சேர்ந்தார், தொண்ணூற்றைந்து வயதுவரை சண்டே ஸ்கூல் எடுத்தார். உள்ளே போனால் சிலுவையையும் காணிக்கைத் தட்டுகளையும் கவனியுங்கள், அவர் கையால் செய்தவை, தச்சு வேலை அவருக்கு உயிர். புல் வெட்டுவதும் அவர் முறை வரும்போது அவர்தான், ரோசலின் சுத்தம் செய்வார். பெண்கள் போதகராகக் கூடாது, கணவனுக்கு அடங்கி இருக்க வேண்டும் என்று தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்ற சபைகளின் கூட்டமைப்பு நிலைப்பாடு எடுத்தபோது, 2000-ல் அதைவிட்டு வெளியேறினார். ஆனால் பாப்டிஸ்டாக இருப்பதை விடவில்லை. அரசும் சபையும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்ற பழைய பாப்டிஸ்ட் கொள்கையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார், இன்று அமெரிக்காவில் மதத்தையும் அரசியலையும் கலக்கிறவர்களைப் பார்க்கும்போது இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

மற்றவை சுருக்கமாக. ரயில் நிலையம் 1888-ல் கட்டியது, 1976 பிரசாரத்தின் தலைமையகம், அரை மணி நேரம் போதும். ரோசலின் 2023 நவம்பரிலும் கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று நூறு வயதிலும் மறைந்தார்கள், 1961-ல் கட்டிய வீட்டின் வளாகத்திலேயே இருவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள். எந்தெந்தப் பகுதி எந்த நாளில் திறந்திருக்கிறது என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடைத்தெருவில் வேர்க்கடலை ஐஸ்கிரீம் விற்கிறார்கள், தவறவிடாதீர்கள். முழுச் சாப்பாட்டுக்கு ஊரில் கடைகள் குறைவு, சைவம் என்றால் இன்னும் கஷ்டம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. நான் தங்கிய விடுதியில் ஏசி இரவெல்லாம் உறுமிக்கொண்டே இருந்தது, அதனால் இரவு தங்காமல் காலையில் சீக்கிரம் கிளம்பி அன்றே திரும்பிவிடும்படிதான் சொல்வேன். ஜூன் முதல் செப்டம்பர்வரை வெயில் கொளுத்தும், பண்ணையில் நிழல் குறைவு, கண்ணைச் சுற்றிச் சுற்றி வரும் குட்டி ஈக்கள் வேறு. மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர் கடைசி சரியான நேரம், அக்டோபரில் போனால் கடலை அறுவடை முடிகிற சமயம்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், முதலில் பண்ணை, அப்புறம் பள்ளி, கடைசியில் ரயில் நிலையம் என்று போனால் அவர்களுக்கு அலுக்காது. அட்லாண்டாவுக்குத் திரும்பியதும் நேரமிருந்தால் மாநிலத் தலைமைச் செயலக வளாகத்தில் ஒரு நிறுத்தம் போடுங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிற கார்ட்டர் சிலை அங்கே இருக்கிறது, 1994-ல் வைத்தது.